ஒரு மாதத்துக்கு உன் போன்

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
24-8-2025

அன்புத் தம்பி கோபிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மாமா நடேசன், லலிதா மூன்று பேரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் வானிலைக்காரருக்கு முன்னால் மழையைச் சொல்லிவிடுகிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன்னைக் கட்டிய சுமலதா போய்ச் சேர்ந்த பிறகு நீயே பொங்கித் தின்கிறாய். மூன்று வேளையும் உண்டா, இல்லை டீயும் பன்னுமா?

அறுபது வயதில் என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் கத்துகிறோம். குடும்ப குரூப்பை விட்டும் போய்விட்டாய். ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்குச் சொந்தத் தம்பியோடு பேச லைன் இல்லை. இதைச் சொன்னால் உன் மாமா சிரிக்கிறார்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நீ ஒரு வீடியோ போட்டாய். பிள்ளை பிடிக்க வந்த வடக்கத்தி ஆளைத் தமிழ்நாட்டில் கூட்டம் சேர்ந்து அடிக்கிறது என்றும், இவர்களை எல்லாம் விரட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நான் பதில் போட்டேன்: "பின்னால் போகிற பஸ்ஸைப் பார். எல்லா வண்டியும் ரோட்டுக்கு வலது பக்கமாகப் போகிறது. நம் நாட்டில் எந்த ஊரில் அப்படிப் போகிறது? கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் போடு." அந்தக் கடைசி வரியை நாற்பது பேர் முன்னால் எழுதியிருக்க வேண்டாம். அது என் தப்பு. பஸ் போன பக்கம் என் தப்பு இல்லை.

இப்போது விஷயம். லலிதாவுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருக்கிறோம். தை மாதம், ஜனவரி 29. மாப்பிள்ளை இதே ஏ.எஸ்.ராவ் நகரில் வளர்ந்த பையன், பேகம்பேட்டில் ஆபீஸ். தங்கமான குடும்பம். அவளுக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான். நெற்றியில் பட்டம் கட்ட வேறு கை கிடையாது. "மாமா வரலன்னா பட்டமே வேணாம்மா. அந்த எடத்துல வேற யாரையும் நிக்க வைக்காத" என்றாள். வீட்டில் எப்போதும் தெலுங்கில் பதில் சொல்கிறவள் தமிழில் சொன்னால் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

வருவாய்தானே?

உன் அக்கா,
அன்னக்கிளி


திருப்பூர்.
5-9-2025

அக்காவுக்கு,

கோபி எழுதுவது. சுகம்தான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கம்பெனியில் ஏற்றுமதி சீசன், செக்கிங் செக்‌ஷன் முழுவதும் என் தலையில். கடிதம் தாமதமானதற்கு அதுதான் காரணம்.

லலிதா விஷயம் கேட்டுச் சந்தோஷம். ஆனால் நாற்பது பேர் முன்னால் குருடன் என்று பெயர் வாங்கியவன், அதே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? நீயே சொல்.

நீ ஹைதராபாத்தில் உட்கார்ந்து பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறாய். இங்கே வந்து பார். பாதித் தெரு வடக்கன். என் மாடிக்குக் கீழ் அறையிலும் பீகார்க்காரப் புருஷன் பெண்டாட்டி குடியிருக்கிறார்கள். நான் படியில் இறங்குகிற சத்தம் கேட்டதும் கதவைத் தாழ் போடுகிறார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஒரு வீடியோ தப்பென்றால் மற்றதெல்லாம் தப்பாகிவிடுமா? தினம் ஐம்பது வருகிறது. ஒரு மாதம் என் போனைப் பார்த்தால் உனக்கே தெரியும். அப்புறம் வாயைத் திற.

மாப்பிள்ளை பெயரைக்கூட நீ எழுதவில்லை. பத்திரிகையில் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். லலிதாவுக்கு ஆசி.

கோபி


ஏ.எஸ்.ராவ் நகர்.
13-9-2025

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். நீ சொன்னதை ஏற்றுக்கொண்டேன். போனை அனுப்பு.

வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. நம் உலகநாதன் இங்கே வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்குச் சரக்கு எடுக்க மாதா மாதம் திருப்பூர் வருகிறார். இருபதாம் தேதி என் போனை உன்னிடம் தருவார். உன்னுடையதை அவரிடம் கொடு. ஒரு மாதம் நான் உன் போனைப் பார்க்கிறேன், நீ என்னுடையதைப் பார். பேசுகிற சிம்மை மட்டும் கழற்றி பட்டன் போனில் போட்டுக்கொள்வோம், நெட் சிம் போனிலேயே இருக்கட்டும். பேச்சு வேண்டாம், கத்திவிடுவோம். கடிதம் மட்டும்.

பேங்க் சமாச்சாரம், போட்டோ, மெசேஜ் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடு. நானும் அப்படியே தருகிறேன். தானாக வந்து விழும் வீடியோக்களை மட்டும் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சில் லைன் போடுவது எங்கள் வேலை, ஒட்டுக்கேட்பது எங்கள் வேலை இல்லை. அந்த வைராக்கியம் இன்னும் இருக்கிறது.

மாத்திரையை மறக்காதே.

அன்னக்கிளி


திருப்பூர்.
1-10-2025

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் முழங்காலும் நலமா?

உன் போன் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் அதில் மீன் கழுவினார்கள். இரண்டாம் நாளும் கழுவினார்கள். மூன்றாம் நாள் ஒருவன் வந்தான். என்னைப் போல மீசை, என்னைப் போலக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, 'ஃபார்வர்டு மாமா' என்று வேஷம் கட்டுகிறான். பார்க்கிறதையெல்லாம் நம்புகிறான், ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். ஆயிரம் பேர் கீழே சிரித்திருக்கிறார்கள். நீயும் ஹார்ட் போட்டிருக்கிறாய். சிவப்பாக இருக்கிறது, கண் தெரியாத எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு அதே மாதிரி முப்பது பார்த்தேன். படிக்காதவன், வேலையற்றவன், எதைச் சொன்னாலும் நம்புகிற கிழவன். நான் சொல்வதை நீ ஏன் முழுதாகக் கேட்பதே இல்லை என்று இப்போதுதான் விளங்கியது. நான் வாயைத் திறக்கும் முன்பே உன் கண்ணுக்கு அந்த மாமாவாகத் தெரிகிறேன். வீடியோவில் பொய் இல்லை, பஸ் சரியான பக்கம்தான் போகிறது. ஆனாலும் வலித்தது.

இன்னொன்று. காலையில் திறந்தால் போஜ்புரிப் பாட்டு பாடிக்கொண்டு பெண்கள் மஞ்சள் பூசுகிறார்கள். பீகார்க் கல்யாணத்தில் சம்பந்திக்கு என்ன சீர், அவர்கள் ஊர் சமையல் எப்படி என்று ஒரே பாடமாக வருகிறது. உனக்கு எதற்கு இதெல்லாம்?

கோபி


ஏ.எஸ்.ராவ் நகர்.
12-10-2025

என் தம்பிக்கு,

உடம்பு எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது. மனசுதான் கொஞ்சம் சரியில்லை, அதை எழுதுகிறேன்.

ஹார்ட் போட்டது நிஜம். அதைப் பார்த்தபோது உன் முகம் நினைவுக்கு வந்தது, அதனால்தான் சிரித்தேன். அதுதான் அசிங்கம். மன்னித்துக்கொள்.

உன் போனைப் பற்றிச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே மேளம், ஒரே சிவப்பு வட்டம், ஒரே அம்புக்குறி. இதையா இவன் நம்புகிறான் என்று உன் மாமாவிடம் காட்டினேன். ஐந்தாம் நாள் சிரிப்பு நின்றது. ஒன்றைக் கடைசிவரை பார்த்தால் மறுநாள் அதே மாதிரி பத்து வருகிறது. பாதியில் தள்ளிவிட்டால் அதைவிடப் பயங்கரமாக ஒன்று வருகிறது. நானே மீன் வீடியோ தேடிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீனுக்கு நடுவில் ஒரு கத்தியோடு ஆள் வந்து நிற்கிறான்.

பன்னிரண்டாம் நாள் நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் பீகார்க்காரர். ஆறு வருஷமாக வருகிறார், சமையலறை வரை வந்து கேனைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அன்று மணி அடித்ததும் என் கை தானாகப் போய்க் கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டது. சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஏமி அம்மா, ஒண்ட்லோ பாகலேதா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். சங்கிலியைக் கழற்றி வழி விட்டேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நம்மை அரள வைப்பதற்கென்றே ஒன்று பகலும் இரவும் வேலை செய்யும் என்று பழமொழி சொன்னவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு நாளில் எனக்கே இப்படி என்றால், நீ அதற்குள் எத்தனை மாதமாகத் தனியாக இருந்திருக்கிறாய்? உன்னை நாற்பது பேர் முன்னால் கேட்டேனே, இதை யோசித்தேனா?

கம்பெனியில் எல்லாம் சரியாகத்தானே போகிறது, கோபி?

தீபாவளிக்கு உலகநாதனிடம் அதிரசம் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றுக்கு மேல் தின்னாதே.

அக்கா


திருப்பூர்.
22-10-2025

அக்காவுக்கு,

நலம். அதிரசம் வந்தது. மாதம் முடிந்துவிட்டது, ஆனாலும் கேட்டதற்குப் பதில் வரும்வரை உன் போனைத் திருப்பித் தரமாட்டேன்.

போஜ்புரிக் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மாப்பிள்ளை வடக்கத்திப் பையனா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுது.

கோபி


ஏ.எஸ்.ராவ் நகர்.
29-10-2025

அன்புக் கோபிக்கு,

ஆமாம்.

பெயர் ஹர்ஷ். இங்கே எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஹர்ஷா ஆக்கிவிட்டார்கள். அவன் அப்பா பீகாரில் சாப்ரா பக்கத்திலிருந்து இங்கே எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. பையன் தெலுங்கு பேசினால் உள்ளூர்க்காரன் தோற்றுப்போவான். லலிதாவும் அவனும் நாலு வருஷமாகப் பழகி, எங்களிடம் வந்து சொன்னார்கள். உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்தேன். குரூப்பில் நீ போட்டதையெல்லாம் பார்த்தபின் பயந்துவிட்டேன். போனை அனுப்பும் முன் அவன் போட்டோக்களை ஒன்று விடாமல் அழித்தேன். நான் அழித்ததை என் போன் மறக்கவில்லை, தினமும் காலையில் உனக்கு மஞ்சள் பூசிக் காட்டியிருக்கிறது.

இப்போது நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒட்டுக்கேட்டுவிட்டேன். உன் போன் ஏன் எனக்கு வாட்ச்மேன் வேலை காட்டுகிறது என்று புரியாமல், நீ முன்பு பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்தேன். பிப்ரவரி மாதம் முழுவதும் வேலை தேடியிருக்கிறாய். ஐம்பத்தைந்து வயதில் வேலை கிடைக்குமா, செக்கிங் வேலை எங்கே காலி, வாட்ச்மேன் வேலைக்கு வயது வரம்பு என்ன. மார்ச்சில் "ஏன் வேலை இல்லை" என்று வருகிறது. ஏப்ரலில் "உன் வேலையைப் பறித்தது யார்" என்று வருகிறது. அப்புறம் அது மட்டும்தான் வருகிறது. நீ வேலை கேட்டாய். அது உனக்கு ஒரு எதிரியைக் கொடுத்துவிட்டது.

சீசன், தலைக்கு மேல் வேலை என்று எனக்கு எழுதினாயே, பாவி. எட்டு மாதமாக என்ன சாப்பிட்டாய்? நான் செத்தா போய்விட்டேன்?

கோபம் உனக்கு மட்டும்தான் வருமா? எனக்கும் வருகிறது. மாப்பிள்ளை யாரென்று நான் உன்னிடம் சொல்லவில்லை. வேலை போனதை நீ என்னிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை இரண்டு பேரும் போனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பத்திரிகை அச்சுக்குப் போகிறது. தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கும். நீ வராவிட்டாலும் இருக்கும்.

அன்னக்கிளி


ஏ.எஸ்.ராவ் நகர்.
21-11-2025

மச்சான் கோபிக்கு நடேசன் எழுதுவது.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உங்கள் அக்கா தினம் இரண்டு முறை கீழே போய்த் தபால் பெட்டியைத் திறக்கிறாள். கரண்டு பில் வந்தால் கரண்டுக்காரனைத் திட்டுகிறாள். "இன்னா எழுதிட்டேன்னு அவன் இப்டி இருக்கான்" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும்?

தண்ணீர் கேன்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவருக்கு எதற்கென்றே புரியவில்லை. சாப்பிட வைத்து அனுப்பினாள்.

திட்டியாவது ஒரு கடிதம் போடவும். திட்டினால் சோறு தின்பாள்.

நடேசன்


திருப்பூர்.
4-12-2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் உயிரோடு இருக்கிறேன். சாப்பிடுகிறேன். அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அக்கா, உன் கடிதம் வந்த அன்று உன் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன். கோபம். பீகார்க்கார மாப்பிள்ளை என்று கோபம், மறைத்தாய் என்று அதைவிடக் கோபம், வேலை போனது தெரிந்துவிட்டதே என்று எல்லாவற்றையும்விடக் கோபம். கையில் போன் இல்லை. டீ குடித்துவிட்டு மாடிப்படியில் உட்காருவது தவிரச் செய்ய ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்ததில் இத்தனை நாள் காதில் விழாததெல்லாம் விழுந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். எனக்கு இந்தி தெரியும் என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஹைதராபாத்தில் நாம் வளர்ந்த மௌலா அலி காலனியில் தெருவெல்லாம் உருது பேசிக்கொண்டு திரிந்தவன், இங்கே வந்த புதிதில் பேச்சுவாக்கில் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று சொன்னதற்குக் கம்பெனியே சிரித்தது. வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருஷமாக மூடித்தான் வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ் அறையில் அந்தப் பெண் அழுதாள். முன்னி என்று பெயர். ஊருக்குப் போய்விடலாம், இங்கே இருந்தால் கொன்றுவிடுவார்கள், மாடியில் இருக்கிற ஆள் பார்வையே சரியில்லை என்று புருஷனிடம் சொல்கிறாள். மாடியில் இருக்கிற ஆள் நான்தான். பின்னால் அவள் போன் ஓடுகிறது. அதே மேளம், அக்கா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எனக்குத் தெரியும், அதே மேளம்.

வெறுங்காலோடு இறங்கிப் போனேன். வெயில் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் எழுந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான். இரண்டு கையையும் விரித்து அவளை மறைத்தான். நான் ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை வியாதி, வேலையும் போனவன். என்னைப் பார்த்து ஓர் ஆள் பயந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் கையில் இருந்த போனைப் பார்த்தேன். அதே கூட்டம், அதே அடி வாங்கும் ஆள், அதே சிவப்பு வட்டம். நான் குரூப்பில் நாற்பது பேருக்கு அனுப்பினேனே, அதே வீடியோ. எனக்கு வந்ததில் அவன் பிள்ளை பிடிக்க வந்த வடக்கன். அவளுக்கு வந்ததில் அவன் அப்பாவித் தொழிலாளி, அடிக்கிறவர்கள் தமிழர்கள், ஊர் திருப்பூர் என்று இந்தியில் ஒருவன் கத்துகிறான். அந்த ஆள் யார், எந்த நாடு, பிழைத்தானா செத்தானா, அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "நக்கோ டரோ" என்றேன். பயப்படாதே என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் நீ எனக்குச் சொன்னதை, நான் குரூப்பை விட்டே ஓடக் காரணமானதை, அவளுக்கு நம் மௌலா அலி பாஷையில் சொன்னேன். "காடியாங் தேகோ. சீதே ஹாத் கூ கைக்கு ஜாரே?" வண்டிகளைப் பாரம்மா, வலது பக்கமாக ஏன் போகிறது? மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். பஸ் வலது பக்கமாகப் போயிற்று. அழுகையை நிறுத்திவிட்டு, உங்களுக்கு இந்தி தெரியுமா என்று கேட்டாள். "ஹவ்" என்றேன். அதற்கு அவளும் சிரித்தாள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

படியேறி வந்து வெகு நேரம் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் என்னை 'அரவோடு' என்று கூப்பிட்டு, அந்தச் சண்டையில் எனக்கு முன்பல் போனது ஞாபகம் இருக்கிறதா? தமிழன் என்பதை அப்படிக் கேவலமாகச் சொல்வார்கள். அப்பாவும் அரக்கோணத்தில் வேலை கிடைக்காமல் ரயிலேறி வந்தவர்தான். அந்தக் காலத்தில் இந்தப் போன் இருந்திருந்தால் அப்பாவைச் சுற்றியும் யாராவது ஒரு சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள்.

வேலை போன கதையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி செக்கிங் செக்‌ஷனையே மூடி வெளியே கான்ட்ராக்ட் விட்டுவிட்டது. பதினேழு பேர் போனோம், அதில் ஆறு பேர் பீகார்க்காரர்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதைச் சொல்கிற வீடியோ ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை. பார்க்கப் பார்க்க நானே மறந்துபோனேன்.

கல்யாணத்துக்கு வருகிறேனா என்று இப்போது கேட்காதே. நீ மறைத்தது இன்னும் உறுத்துகிறது. உன் போனை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். ஓரத்தில் ஒரு அரிசி மாட்டிக்கொண்டிருக்கிறது.

உன் தம்பி,
கோபி


ஏ.எஸ்.ராவ் நகர்.
12-12-2025

என் தம்பிக்கு,

சாப்பிட்டேன். உன் மாமா இரண்டு முறை பரிமாறினார்.

உன் கடிதத்தை லலிதா சத்தம் போட்டுப் படித்தாள். எழுத்துக்கூட்டித்தான் படித்தாள், பாதியில் அழுகை வந்து நிறுத்திவிட்டாள். மீதியை நான் படித்தேன்.

மறைத்தது தப்பு. அதற்குச் சமாதானம் சொல்லமாட்டேன். நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததை நம்பாமல் போனில் வந்ததை நம்பிவிட்டேன். நீ செய்ததும் அதுதான். தாய் வயிறு ஒன்று, புத்தி மட்டும் வேறாகவா இருக்கும்?

பத்திரிகை வைத்திருக்கிறேன். 'நெற்றிப் பட்டம்' என்று முகூர்த்தத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்தால் பத்து நிமிடம் பட்டம். வராவிட்டால் பத்து நிமிடம் மேளத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். வேறு கை அங்கே வராது.

போனை அப்போது மாற்றிக்கொள்ளலாம். அதுவரை இருக்கட்டும், உன் போனோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அப்புறம் உலகநாதன் உன்னிடம் ஏதோ பேச வேண்டும் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, நான்தான் சொன்னேன்.

அக்கா


திருப்பூர்.
9-2-2026

அன்புள்ள அக்காவுக்கு,

சபரி எக்ஸ்பிரஸ் இரண்டு மணி நேரம் தாமதம், மற்றபடி சுகமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிசாதம் ரயிலில் பாதி, வீட்டில் பாதி. மாமாவின் இருமல் குறைந்ததா? லலிதாவும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

மேடையில் நடந்ததெல்லாம் நீ பார்த்தாய். பட்டத்தின் நூல் என் விரலில் வழுக்கியது, "மாமா, மெதுவா, நான் எங்கயும் போகல" என்று லலிதா சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கண் கலங்கியது அதனால்தான். புகையால் என்று உலகநாதனிடம் சொன்னேன், அதை அவர் நம்பவில்லை.

நீ பந்தியைக் கவனிக்கப் போயிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இரண்டு வரிசை நாற்காலி காலியாக இருந்ததே, கவனித்தாயா? சம்பந்தியிடம் ஏன் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். அவர் ஊரிலிருந்து வரவேண்டிய பத்துப் பேர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்களாம். மதராஸிப் பெண் வீட்டுக்காரர்கள் அடிப்பார்கள் என்று அவர்களுக்கு வீடியோ வந்திருக்கிறது. எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. அக்கா, நான் அனுப்பியதுதான் சுற்றிச் சுற்றி அங்கே போனதோ என்னவோ, யாருக்குத் தெரியும்? வெட்கத்தை விட்டு, "அவங்கள போன்ல கூப்பிடுங்க" என்றேன். கூப்பிட்டார். திரையில் ஒரு பெரியவர், நாலைந்து பெண்கள். பட்டுவேட்டியும் மீசையுமாக ஒரு மதராஸி முகத்தைக் கண்டதும் எல்லோரும் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்கள். "கைக்கு நை ஆயே?" என்று கேட்டேன். ஏன் வரவில்லை, உங்களுக்கு வைத்த இலை காலியாகக் கிடக்கிறது என்றேன். அப்புறம் அந்தப் பெரியவர் ஹைதராபாத் இந்தி பேசுகிற மதராஸியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். ஹோலிக்குச் சாப்ரா வரச் சொல்லியிருக்கிறார். போவேனா தெரியாது. கூப்பிட்டார்.

உலகநாதன் சொன்ன வேலையை ஒப்புக்கொண்டேன். அவர் கடைக்கும் இன்னும் நாலு ஹைதராபாத் கடைக்கும் இங்கே சரக்கைச் செக்கிங் செய்து அனுப்ப வேண்டும். தையல் விட்ட பீஸ் என் கண்ணில் தப்பாது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். முன்னியின் புருஷன் ஓவர்லாக் மெஷினில் பத்து வருஷம் இருந்தவன், அவனைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் போனுக்கு வருகிறேன். என்ன செய்து வைத்திருக்கிறாய் அதை? திறந்தால் மீன் கழுவுகிறார்கள். அப்புறம் முழங்கால் வலிக்கு எண்ணெய், போஜ்புரி மஞ்சள் பாட்டு, செகந்திராபாத் இரானி டீ. நான் யாரென்றே என் போனுக்குத் தெரியவில்லை. அறுபது வயதுப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நாலு மாதம் உட்கார்ந்து இந்த வேலையா பார்த்தாய்?

ஆனால் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. நேற்று சாயங்காலம் மீனுக்கு நடுவில் ஒன்று வந்தது. அதே மேளம், அதே வட்டம். விரல் தானாக நின்றுவிட்டது. நாலு செகண்ட் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், பழைய கோபம் அதே சூட்டோடு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கினேன். முன்னி சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கதவு திறந்தே இருந்தது.

என்னைக் குரூப்பில் திரும்பச் சேர்த்துவிடு. நான் எதையாவது போட்டால் பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல். நாற்பது பேர் முன்னால் வேண்டாம். ஒரு கார்டில் எழுது.

உன் தம்பி,
கோபி